சிதறிக் கிடக்கும் குறிப்புகளும் 11 அத்தியாயங்களும்: எந்தச் செயலியில் எதை வைப்பது?

கேள்வி: ஒன்றரை வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 11 அத்தியாயம் முடிந்திருக்கிறது. குறிப்புகள் கைபேசியில் கொஞ்சம், எனக்கே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகளில் கொஞ்சம், நோட்டில் கொஞ்சம் கிடக்கின்றன. எந்த அத்தியாயத்தில் என்ன சொன்னேன் என்பதே குழம்புகிறது. நோஷன், ஸ்க்ரிவனர், ஆப்சிடியன் என்று எழுதவும் குறிப்பெடுக்கவும் உதவும் செயலிகள் மூன்றில் எதற்கு மாறலாம்? மாறுவதற்கு முன் கதை முழுவதையும் திட்டமிட்டு அதில் ஏற்றிவிட வேண்டுமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். 11 அத்தியாயம் கையில் இருக்கிறவர் புதிதாக உட்கார்ந்து திட்டம் போட வேண்டியதில்லை. எழுதியதைப் படித்து அதிலிருந்து குறிப்பு எடுத்தால் போதும். முதல் கேள்விக்கான பதில்தான் கொஞ்சம் நீளம்.

நான் பட்ட பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு குறுநாவலுக்காக மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு டேட்டாபேஸ் கட்டினேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிப் பக்கம். பிறந்த தேதி, உயரம், பிடித்த நிறம், சின்ன வயதுப் பயம், பேசும்போது கை என்ன செய்யும் என்று மொத்தம் 26 கட்டங்கள். வண்ண வண்ண லேபிள்கள் வேறு. ராத்திரி படுக்கப் போகும்போது இன்று நாவலில் நல்ல வேலை நடந்தது என்று மனசு நிறைந்திருக்கும். மூன்றாவது வாரக் கடைசியில் பார்த்தால் கதையில் ஒரு வரிகூடச் சேரவில்லை. எழுத ஆரம்பித்த பிறகு அந்த 26 கட்டங்களில் நான் திரும்பிப் பார்த்தவை மூன்று: பெயர், வயது, யாருக்கு யார் என்ன முறை. உண்மையில் தேவைப்பட்ட ஒன்றுக்கு அங்கே கட்டமே இல்லை. என் நாயகியின் கர்ப்பம் 14 மாதம் நீடித்திருந்தது. முதல் வரைவைப் படித்த நண்பர்தான் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரே சந்தேகம் இரண்டாவது தடவை வந்தால்தான் அதற்கு ஒரு கட்டம் போடுவேன். "இவளுக்கு அப்போது என்ன வயது?" என்று ஒருமுறை தேடினால் சும்மா தேடிப் பார்த்துவிட்டு எழுதப் போய்விடலாம். மறுபடியும் தேட வேண்டி வந்தால், சரி, அதற்கு ஓர் இடம் வேண்டும். இப்படிச் சேருகிற பதிவேட்டில் வேண்டாத கட்டம் ஒன்றும் இருக்காது.

கருவிகளைப் பிராண்டு பெயரால் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் தள்ளிவையுங்கள். உங்களிடம் இருப்பவை மூன்று விதமான சரக்கு. ஒன்று, கதையின் பிரதி. இரண்டு, கதையைப் பற்றிய கணக்கு. மூன்று, எங்கே போகும் என்று இன்னும் தெரியாத துண்டுகள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதுதான் உங்கள் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். இவற்றைப் பிரித்துவிட்டால் எந்தச் செயலி என்பது பாதி அளவுக்குத் தானாகவே முடிவாகிவிடும்.

பிரதியைப் பொறுத்தவரை, புதிதாக எதையும் நிறுவாமல் கையில் இருப்பதை முதலில் ஒழுங்காகப் பயன்படுத்திப் பாருங்கள். வேர்டில் அத்தியாயத் தலைப்பைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்குவதோடு நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக ஸ்டைல்ஸ் பகுதியில் உள்ள ஹெடிங் 1-ஐ அத்தியாயத்துக்கும் ஹெடிங் 2-ஐ ஒவ்வொரு காட்சிக்கும் கொடுங்கள். பிறகு வியூ மெனுவில் நேவிகேஷன் பேனைத் திறந்தால் நாவல் முழுவதும் இடப்பக்கம் ஒரு பட்டியலாக நிற்கும். 7-ஆவது காட்சியைப் பிடித்து இழுத்து 4-க்கு முன் போட்டால் அதற்குள் இருக்கும் பத்திகளும் கூடவே நகரும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் இதே வேலையை நேவிகேட்டர் செய்கிறது; அது இலவசம். கூகுள் டாக்ஸில் இந்தத் தலைப்புகள் இடப்பக்க அவுட்லைனில் வரும். 2024-இல் ஒரே ஆவணத்துக்குள் டேப்களும் வந்துவிட்டதால், அத்தியாயத்துக்கு ஒரு டேப் என்று வைத்துக்கொள்ளலாம்.

காட்சிக்குத் தலைப்பு வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. "காட்சி 12" என்று வைத்தால் பட்டியலைப் பார்த்து ஒன்றும் புரியாது. "12 – சாவியைத் தரமாட்டேன் என்கிறாள்" என்று வையுங்கள். வாசகருக்குப் போகும்போது அழித்துவிடலாம்.

ஸ்க்ரிவனர் 2007-இல் வந்தது. நீளமான எழுத்துக்கென்றே செய்யப்பட்டது என்பது அதைத் திறந்ததும் தெரியும். காட்சிகளெல்லாம் தனித்தனித் துண்டுகளாக இருக்கும். கார்க் போர்டில் குத்திவைத்த அட்டைகளைப் போல அவற்றைப் பரப்பிப் பார்க்கலாம், மாற்றி அடுக்கலாம். கடைசியில் கம்பைல் கொடுத்தால் ஒரே பிரதியாகக் கோத்துத் தரும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஸ்நாப்ஷாட்: ஒரு காட்சியைத் திருத்தி எழுதும் முன் அதை மட்டும் அப்படியே படம்பிடித்து வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்பலாம். ஆனால் இரண்டு விஷயம். ஆண்ட்ராய்டு கைபேசிக்கு அது கிடையாது. நீங்கள் பாதியைக் கைபேசியில் எழுதுகிறவர் என்றால் அங்கேயே நின்றுவிட வேண்டும். அப்புறம், ஒரு ஸ்க்ரிவனர் புராஜெக்ட் என்பது ஒரே ஃபைல் மாதிரி தெரிந்தாலும் உள்ளே பல சின்ன ஃபைல்கள் அடங்கிய ஃபோல்டர். இரண்டு கணினிகளில் மாறி மாறி எழுதும்போது ஒன்றில் மூடி, சிங்க் (ஒன்றில் செய்த மாற்றம் மற்றதிலும் சேர்வது) முழுவதும் முடிந்த பிறகே மற்றதில் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் இரண்டு மாதிரியான காட்சிகள் வந்து நிற்கும்.

இனி கணக்கு. கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம் இதுதான்.

நாவலுக்கு மிகப் பயனுள்ள கருவி எது என்று கேட்டால் யோசிக்காமல் ஸ்ப்ரெட்ஷீட் என்பேன். எக்செலோ கூகுள் ஷீட்ஸோ ஏதோ ஒன்று. காட்சிக்கு ஒரு வரி. என் குறுநாவலில் ஒரு வரி இப்படி இருந்தது:

எண்: 14. இடம்: ஆஸ்பத்திரி வராந்தா. நேரம்: வியாழன், சாயங்காலம். யார் பார்வையில்: தங்கம். நடப்பது: வீட்டை விற்கப்போவதாக அண்ணன் சொல்கிறான். யாருக்கு என்ன தெரியும்: கடிதம் இருப்பது அண்ணனுக்குத் தெரியும், தங்கத்துக்குத் தெரியாது. பாக்கி: சாவி யாரிடம்?

கடைசி இரண்டு கட்டங்களுக்காகத்தான் இந்த அட்டவணையே. யாருக்கு என்ன தெரியும் என்பதில்தான் நாம் அடிக்கடி வழுக்கி விழுகிறோம். தங்கம் கடிதத்தைப் படிப்பது என் முதல் வரைவில் 10-ஆவது காட்சியில் வந்தது. திருத்தும்போது அதைத் தள்ளிப்போட்டால் பதற்றம் கூடும் என்று தோன்றி 17-க்கு நகர்த்தினேன். நகர்த்தியது நல்ல முடிவுதான். ஆனால் இடையில் 12-ஆவது காட்சியில் தங்கம், "அதான் அப்பாவே எழுதி வெச்சுட்டாரே" என்று பேசிக்கொண்டிருந்தாள். படிக்காத கடிதத்திலிருந்து மேற்கோள்! முதல் வரைவை எழுதும்போது இந்த மாதிரித் தப்பு அதிகம் வருவதில்லை, ஏனென்றால் கதை மனசில் வரிசையாக ஓடுகிறது. காட்சிகளை இடம் மாற்றும்போதுதான் வருகிறது. ஸ்ப்ரெட்ஷீட்டில் ஃபில்டர் போட்டு தங்கம் இருக்கும் வரிகளை மட்டும் எடுத்து மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தால் ஐந்து நிமிடத்தில் அகப்பட்டுவிடும்.

'பாக்கி' என்பது கதையில் போட்டுவிட்டு இன்னும் அவிழ்க்காத முடிச்சு. அவிழ்ந்ததும் எந்தக் காட்சியில் என்று எதிரில் எண்ணைப் போட்டுவிடுவேன். தொடராக எழுதி வாராவாரம் வெளியிடுகிறவர்களுக்கு இந்தக் கட்டம் உயிர்நாடி. வெளியான அத்தியாயத்தில் கை வைக்க முடியாது. 3-ஆவது வாரம் தொலைந்த மோதிரத்தை 30-ஆவது வாரம் யாராவது ஒருவர் கேட்டே தீருவார்.

நேரத்துக்கான கட்டத்தில் முடிந்தால் தேதியையே போடுங்கள், கதையில் தேதி வராவிட்டாலும் பரவாயில்லை. தேதியைக் கொடுத்தால் கிழமையை ஸ்ப்ரெட்ஷீட்டே காட்டும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துக்குப் போகிறவர்களையும், அடுத்தடுத்து இரண்டு வாரம் முழுநிலவு காய்கிற ராத்திரிகளையும் இது பிடித்துக்கொடுக்கும். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் சுமார் 29½ நாள் இடைவெளி. காதல் காட்சி என்றாலே நிலவைக் கொண்டுவந்துவிடுகிற என்னைப் போன்றவர்களுக்கு இந்த எண் அவசியம்.

இதையே நோஷனில் செய்யலாமா? செய்யலாம், இன்னும் அழகாகவே வரும். பாத்திரங்களுக்கு ஒரு டேட்டாபேஸ், காட்சிகளுக்கு ஒரு டேட்டாபேஸ் வைத்து இரண்டையும் ரிலேஷனால் இணைத்துவிட்டால், தங்கத்தின் பக்கத்தைத் திறந்ததும் அவள் வருகிற காட்சிகள் எல்லாம் கீழே வந்து நிற்கும். பெரிய குடும்பக் கதை, மூன்று தலைமுறை, 40 பாத்திரங்கள் என்றால் அந்த வேலைக்குத் தகும். ஒரு வீட்டுக்குள் ஐந்து பேரைச் சுற்றி நடக்கும் கதைக்கு வேண்டாம். அங்கே நுழைகிறவர்கள் ஐகான் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு மாலைப்பொழுதைக் கழிப்பதைப் பார்த்திருக்கிறேன். நானும் கழித்திருக்கிறேன்.

மூன்றாவது சரக்கு, துண்டுக் குறிப்புகள். இதற்கு எந்தச் செயலி என்பது முக்கியமே இல்லை. ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், கையில் எடுத்த இரண்டாவது நொடியில் எழுத முடிய வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் செய்வது போலத் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் வாட்ஸ்அப் செய்தி கேவலமான வழி ஒன்றுமில்லை. ஆனால் வாரம் ஒருமுறை அதைக் காலி செய்ய வேண்டும். அதைவிட முக்கியம், குறிப்பை முழு வாக்கியமாக எழுதுவது. என் கைபேசியில் "பச்சைக் கதவு – முக்கியம்!!" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. ஆச்சரியக்குறி இரண்டு போடும் அளவுக்கு அது என்ன என்று இன்றுவரை எனக்குப் புலப்படவில்லை.

ஆப்சிடியன் இந்தத் துண்டுகளுக்குப் பொருத்தமானது. ஒவ்வொரு குறிப்பும் உங்கள் கணினியிலேயே சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக இருக்கும். அந்தச் செயலி நாளைக்கே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒரு பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அந்தப் பெயருள்ள குறிப்புக்கு லிங்க் ஆகிவிடும். தமிழில் எழுதும்போது இங்கே ஒரு சிக்கல் வரும். நாம் "தங்கம்" என்று மட்டுமா எழுதுகிறோம்? தங்கத்திடம், தங்கத்தின், தங்கத்தை என்று போகும். ஒவ்வொன்றும் புதுக் குறிப்பாக முளைக்காமல் இருக்க [[தங்கம்|தங்கத்திடம்]] என்று நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட வேண்டும். கோட்டுக்கு முன்னால் இருப்பது குறிப்பின் பெயர், பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரிவது.

வேற்றுமை உருபு இன்னும் பல இடங்களில் காலை வாரும். வெளிநாட்டு எழுத்தாளர்கள் தரும் யோசனைகளில் இதெல்லாம் இருக்காது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

"மரம்" என்று தேடினால் "மரத்தடியில்" கிடைக்காது. "மர" என்று அடியை மட்டும் தேட வேண்டும். ஔவையார் என்பதை ஔ எழுத்தால் தட்டியவரும் உண்டு, ஒ போட்டு ள போட்டவரும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பழைய கதைகளைப் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிவைத்திருந்தால் தேடலே நடக்காது. அவற்றை முதலில் யூனிகோடுக்கு, அதாவது இன்று எல்லாக் கணினிகளும் பயன்படுத்தும் பொது எழுத்துக் குறியீட்டுக்கு, மாற்றிவிடுங்கள்.

உச்சம், பாத்திரத்தின் பெயரை மாற்றுவது. கலா என்று இருந்தவளைக் கயல் ஆக்க நினைத்து ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் மாற்றிப் பாருங்கள். "கலாவுக்கு" எல்லாம் "கயல்வுக்கு" ஆகும். அது பரவாயில்லை, எதிர்பார்த்ததுதான். "கேட்கலாம்" என்பது "கேட்கயல்ம்" ஆகியிருக்கும். "நடக்கலாம்", "எடுக்கலாம்", "கலாட்டா" எல்லாவற்றிலும் கயல் புகுந்திருப்பாள். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. முதலில் "கலாவ" என்பதை "கயல" என்று மாற்றுங்கள். எழுத்தையும் அதோடு ஒட்டிய உயிர்க்குறியையும் தனித்தனியாகப் பார்க்கும் எடிட்டர்களில் கலாவுக்கு, கலாவின், கலாவை, கலாவோடு எல்லாம் கயலுக்கு, கயலின், கயலை, கயலோடு என்று சரியாக வந்துவிடும். கதையில் கலாவதி என்று இன்னொருத்தி இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மிச்சமிருக்கும் வெறும் "கலா"க்களை ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள். எதற்கும் முன்னால் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல் எண்ணிக்கையும் அப்படித்தான். ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதும் போட்டி 1999-இல் அமெரிக்காவில் தொடங்கி உலகமெல்லாம் பரவியது. அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடப்பட்டது, ஆனால் அந்த எண் மட்டும் எல்லோர் மனசிலும் தங்கிவிட்டது. நாளுக்கு 1,667 சொல் என்று செயலிகளும் இலக்கு வைக்கின்றன. அது ஆங்கிலக் கணக்கு. "வந்துகொண்டிருந்தவனிடம்" என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து வேண்டும். அந்த இலக்கை வைத்துக்கொண்டு நம்மை நாமே சோம்பேறி என்று திட்டிக்கொள்ள வேண்டாம். நான் வாரத்துக்கு இத்தனை காட்சி என்று வைத்துக்கொள்கிறேன். அட்டவணையில் 'நிலை' என்று ஒரு கட்டம் போட்டு எழுதியது, திருத்தியது என்று குறித்தால் போதும்.

சிறுகதைக்காரர்களுக்கு இந்த அட்டவணை தேவையில்லை. அவர்களுக்கு, அட்டைகளை ஒரு நெடுவரிசையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துகிற ட்ரெல்லோ மாதிரி ஒரு போர்டு நன்றாக உதவும். கதைக்கு ஒரு அட்டை. நெடுவரிசைகள்: யோசனை, எழுதுவது, ஆறப்போட்டது, திருத்தம், அனுப்பியது. 'ஆறப்போட்டது' என்ற நெடுவரிசையை விட்டுவிடாதீர்கள். அனுப்பிய அட்டையில் எந்த இதழ், என்ன தேதி, எந்த வரைவு என்று எழுதிவையுங்கள். ஒரே கதை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களின் மேசையில் கிடக்கும் சங்கடத்தை இது தவிர்க்கும்.

பேக்கப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: சிங்க் என்பது பேக்கப் இல்லை. கைபேசியில் தவறுதலாக ஓர் அத்தியாயத்தை அழித்தால், சிங்க் அதைக் கணினியிலும் விசுவாசமாக அழித்துவிடும். கூகுள் டிரைவில் குப்பைக்குப் போனது 30 நாளில் தானாக நீங்கிவிடும். 31-ஆவது நாள் நினைவு வந்தால் வருத்தப்படத்தான் முடியும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்றாவது வீட்டுக்கு வெளியே என்பது புகைப்படக்காரர்களிடமிருந்து பரவிய பழக்கம், நமக்கும் பொருந்தும். கிளவுடில் ஒன்று, கணினியில் ஒன்று, மாதம் ஒருமுறை பென் டிரைவில் ஒன்று என்றால் கணக்குச் சரியாகிவிடும். நோஷன் போல எல்லாம் அவர்கள் சர்வரில் இருக்கும் இடமென்றால், மாதம் ஒருமுறை எக்ஸ்போர்ட் கொடுத்து இறக்கிவையுங்கள்.

ஃபைலுக்கு "நாவல் இறுதி", "நாவல் உண்மையான இறுதி", "இறுதி 2" என்று பெயர் வைக்கிற நம் குலவழக்கத்தை விட்டுவிட்டு, 2025-03-14 என்று வருடம், மாதம், நாள் வரிசையில் தொடங்குங்கள். தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். அத்தியாய எண்ணை 01, 02 என்று போடுங்கள். இல்லாவிட்டால் பல இடங்களில் 10-ஆவது அத்தியாயம் 2-க்கு முன்னால் வந்து உட்காரும். கூகுள் டாக்ஸில் எழுதுகிறவர்கள் ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போய், பெரிய திருத்தத்துக்கு முன் அன்றைய வடிவத்துக்கு ஒரு பெயர் கொடுக்கலாம். "சித்தி சாகும் வடிவம்" என்று பெயர் இருந்தால் ஆறு மாதம் கழித்தும் தேடி எடுக்க முடியும். பிரதிக்குப் பக்கத்திலேயே "வெட்டியவை" என்று ஒரு ஃபைல் வைத்துக்கொண்டால், பிடித்த பத்தியை நீக்கக் கை அவ்வளவு நடுங்காது.

சரி, உங்களுக்கு எது? நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் மூன்றில் எதற்கும் இப்போது மாற வேண்டாம். பிரதி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், தலைப்புகளை மட்டும் ஒழுங்கு செய்யுங்கள். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து 11 அத்தியாயத்தையும் வாசகராக ஒருமுறை படித்துக்கொண்டே காட்சிக்கு ஒரு வரி போடுங்கள். இரண்டு மூன்று மாலைப்பொழுது பிடிக்கும். படிக்கும்போது வரிகளைத் திருத்த ஆரம்பித்துவிடாதீர்கள், அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். மஞ்சள் அடித்துவிட்டு நகருங்கள். துண்டுக் குறிப்புகளையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டி, எந்தக் காட்சிக்கு என்று தெரிகிறவற்றை அந்த வரிக்கு எதிரில் ஒட்டுங்கள். தெரியாதவை பெட்டியிலேயே கிடக்கட்டும். நாவல் முடிந்து திருத்தத்தில் காட்சிகளைப் பெரிய அளவில் இடம் மாற்றும் கட்டம் வந்து, வேர்டு மூச்சு வாங்கினால், அப்போது ஸ்க்ரிவனரை முயன்று பாருங்கள். இலவசமாகச் சில நாள் ஓட்டிப் பார்க்க விடுகிறார்கள்.

அட்டவணை போட்டு முடிக்கும்போது 'பாக்கி' கட்டத்தில் பதில் இல்லாத கேள்விகள் ஏழெட்டாவது சேர்ந்திருக்கும். 12-ஆவது அத்தியாயத்தை அவற்றில் ஒன்றிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.